கோடு இல்லாத பக்கம்

சனிக்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு என் மகளின் இடது கை தானாக ஆடத் தொடங்கியது. எட்டே முக்காலுக்குத் தெருமுனைக்கு வரும் கம்பெனி வண்டியைப் பிடிக்க வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்தபடியே சட்டை போட்டுக்கொண்டிருந்தேன். அதனால்தான் நேரம் இவ்வளவு சரியாக நினைவில் இருக்கிறது.

பவித்ரா சோபாவில் உட்கார்ந்திருந்தாள். சிதம்பரத்தில் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சில நாட்களாகவே தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மாத்திரை போட்டும் நிற்கவில்லை. அன்று தன் கையையே வேடிக்கை பார்ப்பவளைப் போலப் பார்த்துவிட்டு, “அப்பா, இது என் கை இல்ல” என்றாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கண்கள் மேலே செருகின.

அது வலிப்பு. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, உடனே சிதம்பரத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் குடிகாட்டைத் தாண்டும்போது நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் வாயில் சன்னலில் வந்து போனது. உள்ளே என் மேசையில் பாதி முடிந்த வரைபடம் ஒன்று கிடந்திருக்கும். அதை நினைத்தேன் என்பது இப்போதும் எனக்கு விளங்காத ஒன்று.

சிதம்பரம் மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவர் எங்களை நடைபாதையிலேயே நிறுத்திச் சொன்னார். மூளைச் சிரை இரத்த உறைவு (மூளையிலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுவரும் குழாய்களில் இரத்தம் கட்டிக்கொள்வது). “உள்ள போற வழி நல்லாருக்கு சார். வெளிய வர்ற வழி அடைச்சிருக்கு. அதனால பிரஷர் ஜாஸ்தியாகி வலது பக்க மூளையில கொஞ்சம் ரத்தக் கசிவு.”

நான் டிராஃப்ட்ஸ்மேன். ரசாயனத் தொழிற்சாலைக்குக் குழாய்ப் பாதைகளை வரைவதே என் வேலை. வெளியேறும் குழாய் அடைத்தால் உள்ளே என்ன ஆகும் என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. என் மனைவி கலைச்செல்விக்கு நான் விளக்கினேன். என் குரல் நிதானமாக இருந்தது என்று அவள் பிறகு சொன்னாள். எனக்கு நினைவில்லை.

மருத்துவர் இன்னொன்றும் கேட்டார். “பீரியட்ஸ் தள்ளிப்போட மாத்திரை எதாவது போட்டாங்களா?” போட்டிருந்தாள். கீரப்பாளையத்தில் என் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்காக அவளே மருந்துக் கடையில் வாங்கியிருக்கிறாள். எங்கள் பக்கம் விசேஷம் என்றால் பெண்கள் சர்வ சாதாரணமாகச் செய்வதுதான். “அது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல முடியாது. ஆனா இனிமே அந்த மாத்திரை பக்கமே போவக் கூடாது” என்றார். இதைப் படிக்கிறவர்கள் உங்கள் வீட்டுப் பெண்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

இரத்தம் மேலும் உறையாமல் தடுக்கும் ஊசி போட்டார்கள். வலிப்புக்குத் தனி மருந்து. தீவிர சிகிச்சைப் பிரிவில் அவள் இருந்த நாட்களை எழுத எனக்கு விருப்பமில்லை. அது நல்லபடியாக முடிந்தது, அவ்வளவு போதும். வலிப்பு மறுபடி வரவில்லை. செயலிழந்திருந்த இடது காலும் கையும் மெல்லத் திரும்பி வந்தன. பிடித்துக்கொண்டு நடந்தாள், பிறகு பிடிக்காமல் நடந்தாள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையும், அது சரியான அளவில் வேலை செய்கிறதா என்று பார்க்க அவ்வப்போது இரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆபத்தான கட்டத்தைத் தாண்டிவிட்டோம் என்று நாங்கள் நினைத்தோம். மருத்துவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

கடலூர் திரும்பியதும் சிக்கல் வேறுவிதமாகத் தொடங்கியது. அவளுக்குப் பொழுது போகவில்லை. புத்தகம் எடுத்தால் தலை சுற்றுகிறது, வரி புரியவில்லை என்று வைத்துவிடுவாள். போனைப் பார்த்தால் எரிச்சல். கைக்கும் கவனத்துக்கும் ஏதாவது வேலை கொடுங்கள் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரே வேலையைக் கொடுத்தேன். பெரிய வெள்ளைத் தாள்களும் பென்சிலும் கொண்டுவந்தேன்.

நான் ஐ.டி.ஐ.யில் சேர்ந்தபோது முதல் மாதம் முழுக்க எங்களை வரைய வைத்த பயிற்சிகள்தாம் அவை. ஸ்கேல் இல்லாமல் கிடைக்கோடுகள், ஒன்றின்கீழ் ஒன்றாக. பிறகு நெட்டுக்கோடுகள். பிறகு சாய்வு. அப்புறம் கட்டம், வட்டம். பவித்ரா அதுவரை படம் என்று எதுவும் வரைந்ததில்லை. பள்ளியில் அறிவியல் படங்களைக்கூடத் தோழியிடம் கொடுத்து வரைந்து வாங்கி வந்தவள். முதல் நாள் அவள் கோடுகள் புழு ஊர்ந்ததுபோல் இருந்தன. அதனால் என்ன, பென்சில் பிடித்தாள்.

எங்கள் அலுவலகத்தில் வரைபடத்தைச் சரிபார்க்க ஒரு முறை உண்டு. சரியாக இருக்கும் ஒவ்வொரு கோட்டின் மீதும் மஞ்சள் பென்சிலால் இழுப்போம். தவறைச் சிவப்பில் குறிப்போம். இரண்டு நிறமும் படாத இடத்தை இன்னும் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். அந்த முறையையே வீட்டுக்கும் கொண்டுவந்தேன். ஆனால் உயிர் பிழைத்து வந்த பெண்ணின் தாளில் சிவப்பு வைக்க மனம் வருமா? எல்லாக் கோட்டிலும் மஞ்சள் இழுத்தேன்.

இரண்டாவது வாரமே தாளை என் பக்கம் தள்ளினாள்.

“எல்லாத்துக்கும் மஞ்சளா? நான் என்ன எல்.கே.ஜி.யா?”

“நல்லாத்தானம்மா இருக்குது.”

“உங்க ஆபீஸ்ல ஒருத்தன் இப்பிடிப் போட்டுக் குடுத்தா என்ன பண்ணுவ?”

“வேலைய விட்டுத் தூக்கிருவாங்க.”

“அப்ப ஒழுங்கா பாரு.”

அன்றிலிருந்து ஒழுங்காகப் பார்த்தேன். கோடு எங்கே அழுந்துகிறது, எங்கே மெலிகிறது, எங்கே வளைகிறது, முடியும் இடத்தில் பென்சில் தயங்குகிறதா என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். மணிக்கட்டை அசைக்காதே, தோளிலிருந்து இழு என்றேன். கோட்டைப் பார்த்து வரையாதே, போய்ச் சேர வேண்டிய புள்ளியைப் பார் என்றேன். அவள் கோபப்பட்டாள், முனகினாள், ஆனால் செய்தாள். கோடுகள் நேராயின. இடைவெளிகள் சீராயின. சிவப்பு குறைந்தது. புதிதாகக் கற்கும் ஒருவரின் கை இப்படி முன்னேறுவதைப் பார்ப்பது பெரிய மகிழ்ச்சி. அவள் மூளை குணமாகிக்கொண்டு வருவதைத் தாளிலேயே படிக்கிறேன் என்று நம்பினேன்.

இன்னொன்றும் எனக்குப் பெருமையாக இருந்தது. தாளின் இடது ஓரத்தை அவள் தொடுவதே இல்லை. எங்கள் துறையில் வரைபடத்தின் இடது பக்கம் கூடுதலாக இடம் விடுவோம், கோப்பில் கோக்கும்போது துளை வரைபடத்தின் மீது விழாமலிருக்க. நான் சொல்லிக் கொடுக்காமலே அவள் மார்ஜின் விடுகிறாள் என்று கலைச்செல்வியிடம் காட்டினேன். “ரத்தத்துலயே இருக்குது பாரு.”

“கொஞ்சம் ஜாஸ்தியா விடறாப்ல இல்ல?” என்றாள் அவள்.

“தாள் பெருசு” என்றேன்.

அந்த நாட்களில் வீட்டில் வேறு சிலவும் நடந்தன. தட்டில் ஒரு பக்கம் சோறு அப்படியே இருக்கும், இன்னும் பசிக்கிறது என்பாள். கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொள்வாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மச்சான் சேகர், கலைச்செல்வியின் தம்பி, பார்க்க வந்தான். போகிற வீட்டில் இருப்பவர்களைச் சிரிக்க வைக்காமல் திரும்பாதவன். அவள் இடது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவள் கோடுகளை எடுத்துப் பார்த்து, “ஏம்மா, நம்ம ஊரு ரோட்டையும் நீயே போட்டுக் குடுத்துரு, உங்கப்பன விட நீ நேரா போடற” என்றான். அவள் சிரித்தாள். ஆனால் எதிர்ச் சுவரைப் பார்த்துச் சிரித்தாள். எதையோ கேட்டான். பதிலையும் சுவருக்கே சொன்னாள். அவன் இருக்கும் பக்கம் திரும்பவே இல்லை.

வாசலில் செருப்பு மாட்டும்போது என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டான். “மாமா, எம் மேல எதாச்சும் கோவமா அவளுக்கு? ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு வாட்டி வந்தேன்னா?”

“அதெல்லாம் இல்ல மச்சான். டயர்டா இருக்கா.”

அவன் நம்பவில்லை. வாடிய முகத்தோடு போனான்.

மறுபரிசோதனைக்குச் சிதம்பரம் போகும்போது தாள்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டேன். மருத்துவர் கண்டு பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. அவர் முதல் தாளை விரித்தார், இரண்டாவதை விரித்தார், பிறகு எங்களை ரெஹானாவிடம் அனுப்பினார். அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர் அவர். லால்பேட்டைக்காரர், முப்பது வயதுக்குள்தான் இருக்கும்.

ரெஹானா தாள்களை மேசையில் வரிசையாகப் பரப்பினார்.

“இந்தப் பக்கம் ஏன் சார் காலியா இருக்குது?”

“அது ஃபைலிங் மார்ஜின் மேடம்” என்றேன். உற்சாகமாகவே சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. பவித்ராவிடம் ஒரு வெற்றுத் தாளைக் கொடுத்து கடிகாரம் வரையச் சொன்னார். பவித்ரா வட்டம் போட்டாள். நல்ல வட்டம். பன்னிரண்டிலிருந்து ஆறு வரை எண்களை வலது பக்கத்தில் எழுதினாள். மிச்சத்தையும் அதே பக்கத்தில் நெருக்கி எழுதிவிட்டு, “முடிஞ்சிது” என்று பென்சிலைக் கீழே வைத்தாள். வட்டத்தின் இடது பாதி வெறுமையாக இருந்தது. அவளுக்கு அதில் எந்தக் குறையும் தெரியவில்லை.

அருகில் இருந்த கலைச்செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க கோட்ட நல்லா செக் பண்ணியிருக்கீங்க சார்” என்றார் ரெஹானா. “கோடு இல்லாத எடத்த செக் பண்ணல.”

ஒருபக்கப் புறக்கணிப்பு (கண் நன்றாகத் தெரிந்தும் மூளை ஒரு பக்கத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது) என்று அதற்குப் பெயர். வலது பக்க மூளை பாதிக்கப்படும்போது இடது பக்க உலகம் விடுபட்டுப் போகலாம். தட்டின் இடது பாதி, புத்தகத்தில் வரியின் தொடக்கம், இடது பக்கம் உட்கார்ந்திருக்கும் மாமா. நோயாளிக்கு அது தெரியாது. இருட்டாகவோ மங்கலாகவோ இருந்தால்தானே தெரியும்? அந்தப் பக்கம் என்று ஒன்று இல்லவே இல்லை.

கலைச்செல்வி ஒரே கேள்வி கேட்டாள். “காலேஜுக்குப் போவலாமா மேடம்?”

“இப்ப ரோட்டுலயே தனியா விடாதீங்க. லெஃப்ட்ல வர்ற வண்டிய அவங்க பாக்க மாட்டாங்க. சரியாக்கிடலாம், சின்ன வயசுதான். ஆனா எந்த அளவுக்குன்னு இப்பவே சொல்ல முடியாது.”

எங்கள் கவலை அன்றோடு ஒரே கேள்வியாகச் சுருங்கியது. இந்தப் பெண் தனியாகத் தெருவில் நடப்பாளா?

ரெஹானா பயிற்சியை மாற்றவில்லை. அதே தாள், அதே கோடுகள். ஒன்றை மட்டும் சேர்த்தார். தாளின் இடது ஓரத்தில், மேலிருந்து கீழ்வரை தடித்த சிவப்புக் கோடு. ஒவ்வொரு முறையும் அந்தச் சிவப்பைக் கண்ணால் தேடி, இடது விரலால் தொட்டு, அங்கிருந்துதான் பென்சிலைத் தொடங்க வேண்டும். இத்தனை வருடங்களாகத் தவறைக் குறிக்க மட்டுமே சிவப்பை எடுத்தவன் நான். தினமும் தாளுக்குத் தாள் அந்தக் கோட்டைப் போட்டுக் கொடுத்தேன்.

கருத்துச் சொல்லும் விதத்தைத்தான் அவர் முழுதாக மாற்றினார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் இது பயன்படும். அவர்களின் இடது பக்கம் உட்காருங்கள். நல்லா இருக்கு, நல்லா இல்லை என்று சொல்லாதீர்கள். “லெஃப்ட் பாரு, லெஃப்ட் பாரு” என்று கத்தாதீர்கள், அது இல்லாத ஊருக்கு வழி சொல்வதுபோல. பார்த்ததைக் கேள்வியாகக் கேளுங்கள். எங்கே தொடங்கினாய்? சிவப்பு எங்கே? வட்டம் எங்கே மூடுகிறது? அவர்களாகக் கண்டுபிடிக்கும் வரை காத்திருங்கள். காத்திருப்பதுதான் கஷ்டம்.

முதலில் பெரிய சண்டை.

“எங்கம்மா ஆரம்பிச்ச?”

“ஓரத்துலதான்.”

“சிவப்பு எங்க இருக்குது?”

“சிவப்பே இல்ல. நீ போட மறந்துட்ட.”

நான் காத்திருந்தேன். அவள் விரல் தாளின் மீது மெதுவாக ஊர்ந்தது. நடுவைத் தாண்டியது, நின்றது, மறுபடி ஊர்ந்தது. சிவப்பின் மீது பட்டதும் கையைச் சட்டென இழுத்துக்கொண்டாள்.

“இது இங்கயேவா இருந்துச்சி?”

“இங்கயேதான்.”

அவள் அன்று நெடுநேரம் அழுதாள். எனக்கு அன்றுதான் நம்பிக்கை வந்தது. தனக்கு ஒன்று தெரியவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. இனி அவளும் என்னோடு சேர்ந்து தேடுவாள்.

சேகரை மறுபடி வரவழைத்து விஷயத்தைச் சொன்னோம். “அப்ப எம் மேல கோவம் இல்லியா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டான். பிறகு நாற்காலியை எடுத்து அவள் இடது பக்கமே போட்டு உட்கார்ந்து, “இனிமே உன் லெஃப்ட்ல ஒரு ரவுடி குந்திகினு இருப்பான், பாக்கலன்னா குட்டுவேன்” என்றான். வாரந்தவறாமல் வந்தான். குட்டவும் செய்தான்.

கோடுகள் நடுவிலிருந்து மெல்ல இடது பக்கம் நகர்ந்தன. கட்டங்களுக்கு நான்காவது பக்கம் வந்தது. வட்டங்கள் மூடின. ஒவ்வொரு மாதத் தாளையும் வரிசையாகச் சுவரில் ஒட்டினோம். தண்ணீர் வடிந்து கரை தெரிவதுபோல, எவ்வளவு இடம் மீண்டிருக்கிறது என்று அவளே நின்று பார்ப்பாள்.

தாள் நிறைந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அன்று மாலையே வாசலில் இடது பக்கம் நிறுத்தியிருந்த பக்கத்து வீட்டு ஸ்கூட்டரின் மீது போய் மோதினாள். ரெஹானாவுக்குப் போன் செய்தேன். “தாள்ல கத்துக்கிட்டது தாள்லதான் இருக்கும் சார். அத அங்கேருந்து எறக்கணும். மேசைக்கு, ரூமுக்கு, தெருவுக்கு.”

இறக்கினோம். மேசையில் டம்ளர், கண்ணாடி, மாத்திரை டப்பா வைத்து வரைந்தாள். சமையலறை அலமாரியை வரைந்தாள். பிறகு வாசலில் ஸ்டூல் போட்டுத் தெருவை வரைந்தாள். மின்கம்பம், மளிகைக் கடை, மூலையில் சாக்கடை மூடி. சிவப்புக் கோட்டை நான் நிறுத்திவிட்டேன், அவள் மனத்தில் போட்டுக்கொண்டாள். முக்கியமான மாற்றம் ஒன்றும் செய்தோம். தாள் என்னிடம் வருவதற்கு முன் அவளே சரிபார்க்க வேண்டும். மஞ்சளும் சிவப்பும் அவள் கையில். விடுபட்ட பொருளை அவளே கண்டுபிடித்தால் அது தவறில்லை, வெற்றி. கடைசிப் படங்களில் நான் காணாத ஒன்றைக்கூட அவள் சிவப்பில் சேர்த்திருந்தாள், மளிகைக் கடைக்குப் பின்னால் இடது மூலையில் தெரிந்த ஒரு தண்ணீர்த் தொட்டி. அந்தத் தெருவில் பல வருடமாக இருக்கிறேன், நான் அதைப் பார்த்ததே இல்லை.

தெருவில் முதலில் நான் இடது பக்கம் நடந்தேன். பிறகு பின்னால். பிறகு தூரத்தில். கெடிலம் பாலத்துப் போக்குவரத்தில் அவள் தனியாகக் கடப்பதை ரெஹானாவுக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். அடுத்த மறுபரிசோதனையில் மருத்துவர் கல்லூரிக்குப் போகலாம் என்றார். வண்டி ஓட்டுவது மட்டும் இப்போதைக்கு இல்லை.

“நான் தனியா பஸ்ல போவேன். நீ பின்னாடி வரக் கூடாது” என்றாள் பவித்ரா.

“வர மாட்டேன்.”

“சத்தியமா?”

“பின்னாடி வர மாட்டேன், சத்தியமா.”

பின்னால் போகவில்லை. முன்னால் போனேன். அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு, அவளுக்கு முந்தைய பேருந்தில் சிதம்பரம் வந்து, பேருந்து நிலையத்தில் ஒரு டீக்கடைக்குப் பக்கத்தில் நின்றேன். காதுகுத்து விழா ஃபிளெக்ஸ் பேனர் ஒன்று சாய்த்து வைத்திருந்தார்கள். அதன் பின்னால்.

நின்றுகொண்டிருந்தபோது என்னையே கவனித்தேன். அவள் நோய்க்கு முன்பு என் உடம்பை நான் நினைத்ததே இல்லை. இப்போது எங்கே நின்றாலும் என் இடது பக்கம் கனமாக, விழிப்பாக இருக்கிறது. கதவைத் தாண்டும்போது என் தோள் தானாக ஒதுங்குகிறது. காலமும் அப்படித்தான். முன்பு நாட்கள் இடைவெளி தெரியாமல் ஓடின. இப்போது ஒவ்வொரு நாளுக்கும் ஒரு ஓரம் இருக்கிறது. அதைத் தொட்டுவிட்டுத்தான் தொடங்க முடிகிறது. இது பயம் என்று முதலில் நினைத்தேன். பயம் இல்லை, கவனம். பழகினால் தாங்க முடிகிறது.

கடலூர்ப் பேருந்து வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். அவள் இல்லை. டீ ஆறிப்போனது. போன் செய்யக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அடுத்த பேருந்து திரும்பி உள்ளே நுழைந்தபோது, பெண்கள் உட்காரும் வரிசையில் சன்னலோரம் ஒரு பச்சைத் துப்பட்டா தெரிந்தது. பேனருக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

இறங்கினாள். கல்லூரிப் பக்கம் போகாமல் நின்றாள். திரும்பும் பேருந்துகளுக்கு நடுவே இடது பக்கம் பார்த்து, வலது பக்கம் பார்த்து, மறுபடி இடது பக்கம் பார்த்து, கடந்து நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

“உள்ள நொழையும்போதே பாத்துட்டேன்” என்றாள். “ஒளியறதுன்னா ரைட் சைடுல போய் ஒளிஞ்சிருக்கணும்ப்பா. லெஃப்ட் சைடத்தான் நான் ரெண்டு வாட்டி பாக்கறேன்ல.”